முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள்

நான் கொலைகாரன் என்று இருநூற்று நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். அவனுக்கெல்லாம் அவ்வளவு தைரியம் கிடையாது என்று முப்பத்தோரு பேர். மீதிப் பேர் விலை, தாள், எழுத்தின் அளவு பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஆக மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வாசகர் கருத்துகள். ஒன்றுவிடாமல் படித்துவிட்டேன். புதுவயலில் ஒரு அரிசி ஆலையில், கருப்பரிசி பிரிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை? மெஷின் அரிசியைப் பார்த்துக்கொள்கிறது, நான் போனைப் பார்க்கிறேன்.

புத்தகத்தின் பெயர் 'நாலாங்கட்டில் நடந்தது என்ன?'. எழுதியவர் முத்துக்கண்ணன் என்ற சென்னைப் பத்திரிகைக்காரர். அட்டையில் ஒரு உடைந்த கிட்டார், அதிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. எங்கள் கிட்டார் கடைசிவரை உடையவே இல்லை. பிற்பாடு அதை எங்களிடம் விலைக்கு வாங்கிய கடைக்காரர் வேண்டுமானால் சாட்சி சொல்வார்.

நாலாங்கட்டு என்பது எங்கள் ராக் பேண்டின் பெயர். வலையபட்டியில் ராமநாதன் குடும்பத்துக்குப் பங்கு உள்ள பெரிய வீடு ஒன்று வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. முன்கதவைத் திறக்க வேண்டுமென்றால் பங்காளிகள் பதினேழு பேரும் சம்மதிக்க வேண்டும். அது இந்த ஜென்மத்தில் நடக்காது. ஆனால் கடைசியில் இருந்த சமையல்கட்டுக்கு, அதாவது நாலாங்கட்டுக்கு, பின்வாசல் சாவி ராமநாதன் கையில் இருந்தது. அங்கேதான் வாசித்தோம். ராமநாதன் கீபோர்டு, அருள்பாண்டி டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார். என் பெயர் காளிராஜ். பாட்டு, பாட்டெழுதுவது, கிட்டார், கோபம், சிரிப்பு, மற்ற எல்லாமே சாலமன்.

சாலமனும் நானும் வலையபட்டியில் ஒரே தெரு. அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் அய்யனாருக்குக் கிடா வெட்டுகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு அங்கே நான், பொங்கலுக்கு இங்கே அவன். இரண்டாயிரத்துப் பதினாலில், அந்தப் பெரிய வீட்டு மொட்டைமாடியிலிருந்து விழுந்து சாலமன் செத்துப்போனான். அவன் இருந்தவரை எங்கள் பாட்டை ஆயிரம் பேர் கேட்டிருந்தால் அதிகம். அவன் போய் எட்டு வருஷம் கழித்து, எங்கள் 'தகரப் பந்தல்' பாட்டுக்கு எங்கோ ஒரு கல்லூரிப் பெண் வாயசைத்து வீடியோ போட்டாள். அவ்வளவுதான், நாடு முழுக்க ஆட ஆரம்பித்துவிட்டது. செத்தவன் பாடிய பாட்டு என்றதும் இன்னும் கொஞ்சம் ஆடினார்கள். பின்னாலேயே முத்துக்கண்ணன் வந்தார்.

போன வருஷம் என் வீட்டில்தான் உட்கார்ந்து பேசினார். என் மனைவி சத்தியப்பிரியா கந்தரப்பம் சுட்டுக் கொடுத்தாள். ஆறு சாப்பிட்டார். அருமையாகப் பேசினார், கண்கூடக் கலங்கினார். புத்தகம் வந்த பிறகு பார்த்தால், நாங்கள் பூட்டிய வீட்டில் ஆட்டைப் பலியிட்டு ரத்தம் குடித்திருக்கிறோம். அது கசாப்புக்கடையில் ரத்தம் வாங்கி சாலமனின் அம்மா செய்து கொடுத்துவிட்ட பொரியல். வெள்ளைப் பொடி என்று ஒரு முழு அத்தியாயம். அது அருள்பாண்டி கேரம்போர்டுக்குப் போடுகிற பவுடர். இதையெல்லாம் படித்து முதலில் நான் சிரிக்கத்தான் செய்தேன். பதினோராம் அத்தியாயத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த அத்தியாயத்தின் பெயர் 'மின்சாரம் இல்லாத நாள்'.

சாலமன் எப்படி விழுந்தான் என்று பதினோரு வருஷமாக நான் ஒரே கதையைத்தான் சொல்லிவந்தேன். ஆம்ப்ளிஃபயரில் கரகரவென்று சத்தம் வந்தது, மாடியில் வயர் லூசாகியிருக்கும் என்று பார்க்க ஏறினான், கால் தவறிவிட்டது. போலீஸிடமும் இதைத்தான் சொன்னேன், முத்துக்கண்ணனிடமும் இதைத்தான் சொன்னேன். மனுஷன் சென்னைக்குப் போய்ப் பழைய செய்தித்தாளைப் புரட்டியிருக்கிறார். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. வலையபட்டிக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லாத ஊரில் ஆம்ப்ளிஃபயர் எப்படிக் கரகரக்கும்? காளிராஜ் ஏன் பொய் சொன்னான்? மாடியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள், சினிமா வாய்ப்பு ஒருவனுக்கு மட்டும் வந்திருந்தது. முடிவை வாசகரிடமே விடுகிறேன் என்று அத்தியாயத்தை முடித்திருந்தார். வாசகர்களும் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார்கள்.

'ஐந்து நட்சத்திரம். ஒரே மூச்சில் படித்தேன். பேஸ் கிட்டார்காரன்தான் என்று நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.' நாற்பதாம் பக்கத்தில் நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன்.

'நான்கு நட்சத்திரம். காளிராஜின் புகைப்படத்தில் கண்களைப் பாருங்கள். எல்லாம் தெரிகிறது.' அது டிரைவிங் லைசென்சுக்கு எடுத்த போட்டோ. அதில் யாருக்கும் கண் நன்றாக இருக்காது.

'ஒரு நட்சத்திரம். கூரியர்காரர் மழையில் போட்டுவிட்டுப் போய்விட்டார், அட்டை ஊறிவிட்டது.' இந்த மனுஷன் யாரென்று தெரியாது, நன்றாக இருக்கட்டும். என்னை ஒன்றும் சொல்லாதவர்.

'காளிராஜ் இப்போது எங்கே?' என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் ஆலையின் பெயர் உட்படப் பதில் போட்டிருந்தார். அதற்கப்புறம் இரண்டு பேர் பைக்கில் வந்து என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நெல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ தள்ளுனியோ தள்ளலையோ, எனக்கு அது வேணாம். லாரி வர்ற நேரத்துல வாசல்ல கூட்டம் போடாத" என்றார். அவர் பிரச்சினை அவருக்கு.

முத்துக்கண்ணனுக்குப் போன் செய்தேன். "நான் எங்கயும் உங்களைக் குற்றவாளின்னு எழுதல சார், கேள்வி மட்டும்தான் எழுப்பியிருக்கேன். வேணும்னா கேஸ் போடுங்க, ரெண்டாம் பதிப்பு சீக்கிரம் வந்துரும்" என்றார். சிங்கப்பூரில் இருக்கிற ராமநாதன், கண்டுகொள்ளாதே என்றான். புத்தகத்தில் அருள்பாண்டியைத் தமிழ்நாட்டின் தலைசிறந்த டிரம்மர்களில் ஒருவர் என்று எழுதியிருந்ததால் அவன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தான்.

பொய் சொன்னேனா என்றால், சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதுதான் முத்துக்கண்ணனுக்கும் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியாது. சாலமன் தவறி விழவில்லை.

அன்றைக்குக் கரண்ட் இல்லை என்று தெரிந்து மற்ற இரண்டு பேரும் வரவில்லை. சினிமாக் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டதாக அதற்கு முந்தின வாரம்தான் சாலமனுக்குச் சொல்லியிருந்தார்கள். அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பல மாதமாகவே அவன் சரியாகத் தூங்கவில்லை, பேச்சும் குறைந்துபோயிருந்தது. அது வியாதி என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குப் பாட்டுக்காரன் அப்படித்தான் இருப்பான் என்று நினைத்தோம். "காத்து வாங்கிட்டு வாரேன்" என்று மேலே போனான். கொஞ்ச நேரம் கழித்து நானும் ஏறினேன். படிக்கதவிலிருந்து பார்க்கும்போது அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்த்த பிறகும் போய்விட்டான். என் வாழ்க்கையில் நான் யார் மேலாவது தீராத கோபத்தில் இருக்கிறேன் என்றால் அது அந்தப் பார்வை மேல்தான்.

கீழே இறங்கி ஓடும்போது எனக்கு ஒரே ஒரு நினைப்பு. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது எங்கள் தெருவில் ரெஜினா அக்கா மருந்தைக் குடித்துச் செத்துப்போனது. அதைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கருவேல மரத்தடியில் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை, சாமியார் வரவில்லை. நானும் சாலமனும் சுவர் மேல் உட்கார்ந்து பார்த்தோம். "ஏன்டா வெளிய போடுறாக?" என்று கேட்டேன். "தானாச் செத்தா உள்ள விடமாட்டாக" என்றான். சாலமனையும் அந்த மரத்தடியில் போட்டுவிடுவார்கள் என்பதுதான் அந்த நினைப்பு. போலீஸ் வந்து கேட்டதும், வாயில் முதலில் வந்த வயர் கதையைச் சொன்னேன். பொய் சொல்லிப் பழகியவனாக இருந்தால் கரண்ட் இல்லை என்பது ஞாபகம் வந்திருக்கும். எஸ்.ஐ.யும் வேர்வையைத் துடைத்துக்கொண்டே அதை எழுதிக்கொண்டார்.

சாலமனுக்கு மணி அடித்தது, பூசை வைத்தார்கள். சுவருக்கு உள்ளே, அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். மூன்று வருஷம் கழித்து, மனசு கேட்காமல், வேறு ஊரிலிருந்து வந்திருந்த ஒரு சாமியாரிடம் யாரோ எவரோ என்பதுபோல இதைப் பற்றிக் கேட்டேன். அவர், "அந்தச் சட்டமெல்லாம் மாறி ரொம்ப வருஷமாச்சே. பாவம், மனசு சரியில்லாம செஞ்சதுன்னுதான் சபை பார்க்குது. எல்லாருக்கும் போல ஜெபம் பண்ணி உள்ளதான் அடக்கம் பண்ணுவோம். உங்க ஊர்ப் பெரியவங்க பிடிவாதத்துக்கு அந்தப் பெண்ணை வெளியே வச்சிருப்பாங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் வீட்டு விஷயம் தெரியாத நான் அவர்கள் வீட்டுச் சாவுக்குப் பொய் சொல்லி வைத்திருக்கிறேன். தேவையே இல்லாத பொய். அதற்குள் மூன்று வருஷம் ஆகிவிட்டது. தவறி விழுந்தவனின் அம்மாவாக மூன்று வருஷம் வாழ்ந்துவிட்ட வியாகுலம்மாளிடம் போய், இல்லையம்மா, உங்கள் மகன் தானாகப் போனான் என்று எந்த வாயால் சொல்வேன்?

யாரிடமும் சொல்லவில்லை. சத்தியப்பிரியாவிடம்கூட. அவளிடம் சொன்னால் சினேகாவுக்குப் போய்விடும், சினேகாவிடம் போனால் உலகத்துக்கே போய்விடும்.

சினேகா என் மகள். பத்தாம் வகுப்பு. புத்தகம் வந்த முதல் வாரமே அவள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்கப்பா படத்துல வர்ற வில்லனாடி?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலமே போனை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டி எழுதிய ஒவ்வொருவருக்கும் கீழே பதில். 'நான் காளிராஜின் மகள். எங்கள் அப்பா பொய் சொல்ல மாட்டார். பழைய வீட்டில் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் இருந்திருக்கலாம் அல்லவா? நீங்கள் பார்த்தீர்களா?' என்று ஒன்று. பேட்டரி விஷயம் எனக்கே தோன்றியதில்லை. இப்படி ஐம்பத்தேழு பதில். ஒருவன் கெட்ட வார்த்தையில் எழுதினான். அவனையும் விடவில்லை, திருத்தமான தமிழில் நாலு கேள்வி கேட்டிருந்தாள்.

"வேணாம்மா, பரீட்சைக்குப் படி. அவங்க பேசிட்டுப் போறாங்க" என்றேன்.

"நீ தப்புப் பண்ணலைல? அப்ப எதுக்குப்பா நான் சும்மா இருக்கணும்?" என்று கேட்டாள். பண்ணவில்லை என்றேன். அது உண்மை. உண்மை பேசும்போதும் திருட்டு முழி முழிக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நானே எழுதினேன். 'நான்தான் காளிராஜ். நான் அவனைத் தள்ளவில்லை.' மேற்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தள்ளவில்லை என்றால் என்ன நடந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதோடு நிறுத்தி அனுப்பிவிட்டேன். சரிபார்க்க வேண்டும் என்று இரண்டு நாள் வைத்திருந்து வெளியிட்டார்கள். அதற்கு வந்த முதல் பதில், 'இந்தப் பெயரில் எழுதும் ஏழாவது ஆள் நீங்கள்.' இரண்டாவது, 'உண்மையான காளிராஜ் இவ்வளவு சுருக்கமாக எழுத மாட்டான், அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.' அந்த ஆளை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் மரிய அனிதா போன் செய்தாள். சாலமனின் தங்கை, காரைக்குடியில் டீச்சர். "காளிண்ணே, அம்மா உங்களைப் பார்க்கணுங்குறாக. ஞாயித்துக்கிழமை வாரீகளா?" என்றாள். குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

புதுவயலிலிருந்து வலையபட்டிக்குப் பைக்கில் போகும்போதே முடிவெடுத்துவிட்டேன். சொல்லிவிட வேண்டும். கல்லறையைத் தோண்டி வெளியே போடப்போவதில்லை. அம்மா அழுவார்கள், நானும் அழுவேன். பிறகு சினேகாவிடம் சொல்லலாம். அவள் எழுதட்டும், அதற்கப்புறமாவது எனக்குத் தூக்கம் வரட்டும். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கானாடுகாத்தானில் டீ குடிக்க நிறுத்தினேன். பெரிய வீடுகளைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பதிலுக்குச் சிரித்தேன். என்னைப் பற்றி எதுவும் படித்திருக்கமாட்டார் என்பதே நிம்மதியாக இருந்தது.

வியாகுலம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எழுபத்து நாலு வயது, முழங்கால் போய்விட்டது. தலையணைக்குப் பக்கத்தில் ஜெபமாலையும் அந்தப் புத்தகமும்.

"வா காளி. இங்குட்டு உக்காரு. இளைச்சுட்டியே. பிள்ளை நல்லாப் படிக்கிறாளா?"

"படிக்கிறாம்மா."

"அனிதா தெனம் சாயங்காலம் எனக்கு இதைப் படிச்சுக் காட்டுனா. சனங்க போன்ல எழுதுறதையும் படிப்பா, ஒண்ணு விடமாட்டா. ரத்தம் குடிச்சீகன்னு எழுதியிருக்கானே, அது நான் வெங்காயம் போட்டு வதக்கிக் குடுத்துவிட்டதுதானே?"

"ஆமாம்மா, அதுதான்."

"கூறுகெட்ட பய" என்றார்கள். நான் சிரித்தேன். இந்தச் சிரிப்போடேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

"நான் ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும். நீ தள்ளிவிட்டியா?"

"அம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..."

"இருப்பா. நீ சொல்றதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லிர்றேன். இதை அனிதாகிட்டகூடச் சொன்னதில்ல." எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அன்னைக்குக் காலையில அவனுக்குச் சோறு வச்சேன். தொடல. மூணு நாளாவே தொடல. எனக்கு ஆத்தாமை. 'நீ இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்'னு சொல்லிப்புட்டேன். பெத்தவ சொல்ற சொல்லா அது? சோத்தைச் சட்டியில கொட்டிட்டு, தட்டைக் கழுவி வச்சுட்டுப் போனான். என்னைக்குமே தட்டுக் கழுவாத பய. திங்காத தட்டை எதுக்குப்பா கழுவுனான்?"

அவர்களே தொடர்ந்தார்கள்.

"வயர் பார்க்க ஏறுனான்னு நீ சொன்ன. நம்புன மாதிரியே இருந்துக்கிட்டேன். ஆனா கரண்ட் இல்லைன்னு எனக்கும் தெரியும் காளி. ஒரே ஊரு, எனக்கும்தான் ஃபேன் ஓடல. விசிறியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போதுதான் சேதி வந்துச்சு. பதினோரு வருஷமா இதைக் கோயில்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூடச் சொல்ல வாய் வரல. இப்ப இவன் புக்கு எழுதியிருக்கான், நீதான் தள்ளிட்டன்னு சனம் பூராச் சொல்லுது. ரெண்டுல ஒண்ணுதான் காளி. நீ தள்ளியிருக்கணும், இல்லாட்டி என் சொல்லு தள்ளியிருக்கணும். எதுன்னு சொல்லு. நீதான்னா எனக்குக் கோவம் இல்ல. சின்ன வயசு, ஆத்திரத்துல நடந்திருக்கும். சத்தியமாக் கோவம் இல்ல."

என் கையை விடவில்லை. அவர்கள் முகத்தில் இருந்ததை நான் எதிர்பார்த்து வரவில்லை. நான் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவன் வியாதியால் போனான் அம்மா, உங்கள் சொல்லால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கழுவி வைத்த தட்டைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு அது காதில் ஏறுமா? தானாகப் போனான் என்பது வரைக்கும்தான் கேட்கும். அதற்குமேல் கேட்காது.

"நான்தான்மா" என்றேன்.

"என்ன சண்டை?"

"சினிமா வாய்ப்பு அவனுக்கு மட்டும் வந்துச்சு. எனக்குப் பொறாமை. வார்த்தை முத்திப்போச்சு, கைகலப்பாயிருச்சு. நெஞ்சுல கை வச்சுத் தள்ளுனேன். அவ்வளவு ஓரத்துல நிக்கிறான்னு கவனிக்கல." முத்துக்கண்ணன் நூற்றெழுபத்திரண்டாம் பக்கத்தில் 'இப்படி நடந்திருக்குமோ?' என்று கேள்வியாக எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தேன். ஒரு வார்த்தைகூடச் சொந்தமில்லை.

"போகும்போது என்னையப் பத்தி எதுவும் சொன்னானா?"

"வீட்டுக்குப் போயி அம்மா கையால சாப்பிடணும்னு சொன்னான்." இது மட்டும் புத்தகத்தில் இல்லை.

அப்போதுதான் வியாகுலம்மாள் அழுதார்கள். சத்தம் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, நேற்றுத்தான் மகன் செத்ததுபோல அழுதார்கள். அடக்கத்தன்றுகூட அவர்கள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டார்கள். "ஆண்டவர் உன்னை மன்னிப்பாரு. நான் மன்னிச்சுட்டேன். இனி நல்லாத் தூங்குவேன்" என்றார்கள்.

திரும்பிப் பார்த்தால் கதவருகே அனிதா காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. என்னிடம் நீட்ட வந்த காப்பியை அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

பைக்கை எடுக்கும்போது வெளியே வந்தாள். "போலீசுக்குப் போகக் கூடாதுன்னு நீங்க வர்றதுக்கு முந்தியே அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. அதனால போகல. எங்கண்ணன் பெட்டிக்கு முன்னாடி நீங்கதான் தோள் குடுத்தீக. எப்படி முடிஞ்சுது?" என்றாள். அண்ணே என்று ஒரு தடவைகூட வரவில்லை. அதோடு உள்ளே போய்விட்டாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய், அங்கேதான் கிக்கரை உதைத்தேன்.

வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. சத்தியப்பிரியா கடைக்குப் போயிருந்தாள். சினேகா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், கையில் போன்.

"அப்பா, இதைப் பாரேன்" என்றாள்.

'மரிய அனிதா. ஐந்து நட்சத்திரம். நான் சாலமனின் தங்கை. இந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பது உண்மை. இன்று எங்கள் வீட்டுக்கு வந்து அவரே அம்மாவிடம் ஒப்புக்கொண்டார். ஆசிரியருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.' அதற்குள் அறுபது பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள்.

"அத்தை எதுக்குப்பா இப்படிப் பொய் எழுதுறாக? நீ என்ன நடந்துச்சுன்னு சொல்லு, நான் இப்பவே பதில் போடுறேன்" என்றாள். விரல் எழுதத் தயாராக இருந்தது.

சொன்னால் ஐந்து நிமிஷத்தில் ஏற்றிவிடுவாள். யாருக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாலும், அடுத்த கெட்ட வார்த்தைக்கு அவளுக்குப் பொறுக்காது. அதை அனிதா படிப்பாள், படித்தால் அம்மாவுக்கும் படித்துக் காட்டுவாள். இன்றைக்குத்தான் அந்த மனுஷி தூங்கப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"போடாதம்மா" என்றேன்.

"ஏன்?"

"வேணாம்."

"அப்பா, நீ அங்க போயி அப்படிச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப... நெசமா?"

இல்லை என்று தலையாட்டுவதற்கு எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. தலை ஆடவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்ததெல்லாம் ஒரு பார்வையா? இதுதான் பார்வை.

அவள் அழவில்லை, எழுந்து உள்ளே போகவும் இல்லை. போனைத் திருப்பி, தான் எழுதிய பதில்களில் முதலாவதைத் தேடி எடுத்தாள். 'எங்கள் அப்பா பொய் சொல்ல மாட்டார்' என்று இருந்ததை ஒரு தடவை படித்தாள், அழித்தாள். அடுத்ததை எடுத்தாள், படித்தாள், அழித்தாள். ஐம்பத்தேழும் முடிகிற வரைக்கும் நான் அதே படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.